இந்த ஆடிக்கு எடுக்கலாமா?

சின்னக்கடைத் தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த இருசப்பனுக்கு மறதி ஜாஸ்தி. முகம் மறக்காது, வழிதான் மறந்துபோகும். அதனால் வெளியூர் போய்ப் படம் எடுத்து வந்தால், நெகட்டிவ் போட்டு வைக்கும் காகித உறையின் மேலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுவார். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், அங்கிருந்து எவ்வளவு நடை, யாரைக் கேட்க வேண்டும், அந்த ஆள் எப்போது வீட்டில் இருப்பார், எப்போது இருக்கமாட்டார். கல்யாணமானாலும் சாவானாலும் இதே வழக்கம்தான்.

"உன் உறைய கையில குடுத்தா குருடன்கூட ஊர் போய்ச் சேந்துடுவான்யா" என்று அவர் மனைவி காசியம்மாள் சிரிப்பாள்.

பழைய சிலைகளையெல்லாம் படத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்று அரசாங்கம் சொன்ன வருஷம் எழுபத்தாறு. சுற்றுவட்டாரத்தில் பதினொரு கிராமத்துக்காரர்கள் இருசப்பனைத்தான் கூப்பிட்டார்கள். அதில் ஒன்று காசியம்மாளின் பிறந்த ஊரான கருங்காலிப்பாடி.

அந்த ஊர் பச்சையம்மன் எந்தக் காலத்திலோ ஏர் உழும்போது மண்ணிலிருந்து கிடைத்தவள். இரண்டரை அடி உயரம், செப்புச் சிலை. புடவை இல்லாமல் அவளைப் பார்த்தவர் பூசாரி சடையன் ஒருவர்தான். அவரும் திரை போட்டுத்தான் அபிஷேகம் செய்வார். பதிவுக்கு அலங்காரம் இல்லாத படம்தான் வேண்டும், பக்கத்தில் அடிக்கோல் ஒன்றையும் நிற்க வைக்க வேண்டும் என்றதும் பெண்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். சடையன்தான் சமாதானம் சொன்னார்.

"எடுக்கறவன் யாரு? நம்ம காசியம்மா புருசன். வூட்டு மாப்ள பாத்தா தப்பில்ல. எல்லாரும் வெளிய போங்க."

கதவைச் சாத்திக்கொண்டு நாலு பக்கமும் படம் எடுத்தார் இருசப்பன். வீட்டுக்கு வந்து உறையின் மேல் எழுதினார்: 'வேட்டவலம் பஸ். புளியமரத்தில் இறங்கி ஒன்றரை மைல். பூசாரி சடையன், மேற்குத் தெரு கடைசி வீடு. வெள்ளிக்கிழமை தவிர மத்தியானம் கோயிலில் யாரும் இருக்கமாட்டார்கள்.'

ஆல்பர்ட் என்கிற வெள்ளைக்காரர் விசாவுக்குப் போட்டோ எடுக்க வந்தது எழுபத்தெட்டில். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். வேட்டி கட்டியிருந்தார், தமிழும் பேசினார். எல்லாரையும் "அண்ணே" என்பார். எந்த நாடு என்று கேட்டால் ஒரு தடவை சொன்ன ஊரை அடுத்த தடவை சொல்லமாட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு சிலைப் படத்தைப் பார்த்துவிட்டு, இதுபோல இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். புத்தகம் எழுதுகிறாராம்.

இருசப்பன் பதினொன்றையும் எடுத்துக் காட்டினார். ஆல்பர்ட் மூன்றைத் தனியே ஒதுக்கி வைத்தார்.

"இத மெட்ராஸ்ல பெரிசா பிரிண்ட் போட்டுட்டு ஒரு வாரத்துல குடுத்துடறேன் அண்ணே."

இருசப்பனுடைய என்லார்ஜர் அப்போது ரிப்பேர். உறையோடேயே எடுத்துக் கொடுத்தார். சொன்னபடி ஏழாம் நாள் மூன்றும் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தன. கூடவே இரண்டு ரோல் வெளிநாட்டுக் கலர் பிலிம். 'எவ்வளவு நாணயமான மனுசன்' என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார் இருசப்பன்.

அடுத்த வருஷம் சித்திரையில் மேல்புளியந்தாங்கல் கோயில் சிலை திருடு போயிற்று. இருசப்பன் உச்சுக்கொட்டினார், அவ்வளவுதான். ஆனியில் ஆலநத்தம். அந்தச் சிலையின் படம் கேட்டு ஸ்டுடியோவுக்கே வந்தார் இன்ஸ்பெக்டர்.

"பட்டப்பகல்ல எடுத்துக்கினு போயிருக்கானுங்க. பூட்ட உடைக்கல. சாவி போட்டுத் திறந்திருக்கானுங்க. பூசாரி பொண்டாட்டி குறுக்க போயிருக்கா, தலையில ஒரே போடு. பொழைச்சா அதிசயம்."

"எந்தக் கிழமைங்க சார்?" என்று கேட்டார் இருசப்பன்.

"கிழமையா? திங்கக்கிழமை. ஏன்?"

இருசப்பன் உறையைத் தேடி எடுத்தார். நெகட்டிவை உருவும்போது அவர் கையெழுத்து அவரையே பார்த்தது. 'ஆலநத்தம். திங்கட்கிழமை போகக் கூடாது. பூசாரி சந்தைக்குப் போய்விடுவார். சாவி கிழக்குச் சுவர் மாடத்தில்.'

"இந்தப் படத்த வேற யாருக்காவது குடுத்தியா?"

"இல்லைங்க சார்."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் தெருவில் இறங்கிப் போகும் வரைக்கும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள நேரம் இருந்தது. அவர் எடுக்கவில்லை.

ஆல்பர்ட் ஒதுக்கிய மூன்றில் இரண்டு போய்விட்டன. மூன்றாவது கருங்காலிப்பாடி.

அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வேட்டவலம் பஸ் ஏறினார். புளியமரத்தில் இறங்கி ஒன்றரை மைல் ஓட்டமும் நடையுமாகப் போனார். கோயிலில் யாரும் இல்லை. பச்சைப் புடவையில் அம்மன் மட்டும் நின்றிருந்தாள். இருக்கிறாள் என்று பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

சடையனையும், கோயில் தர்மகர்த்தாவான தன் மச்சான் பலராமனையும் கூட்டி வந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். உறை, ஆல்பர்ட், பிலிம் ரோல், இன்ஸ்பெக்டரிடம் சொன்ன பொய். பலராமன் கேட்டு முடிக்கிறவரை கையில் இருந்த துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"எங்க அம்மாவ துணியில்லாம படம் புடிச்சி வெள்ளைக்காரன் கையில குடுத்திருக்க. எங்க வூட்டுப் பொண்ணையும் எடுத்து அனுப்பிட்டியா, இல்ல அது பாக்கி கீதா?"

"மச்சான்..."

"மச்சான்னு கூப்புடாத!"

சடையன் பலராமனின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "உடு. வந்து சொன்னானே. சொல்லாம இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?" பிறகு இருசப்பனிடம் திரும்பினார். "பூட்ட மாத்தினா நிப்பானுங்களா மாப்ள?"

"நிக்கமாட்டாங்க மாமா."

"அப்போ அம்மா வந்த எடத்துக்கே போவட்டும்."

அம்மனின் சக்தியை ஒரு செம்புக் கலசத்தில் இறக்கிக் கோயிலில் வைப்பது, சிலையை மண்ணுக்குள் வைத்துவிடுவது என்று முடிவாயிற்று. இடம் சடையனுக்கும் பலராமனுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். வைக்கோல், வேப்பிலை, கோணிப்பை எல்லாம் வந்தன. தூக்கும் நேரத்தில் சடையன் இருசப்பனைத் தனியே கூப்பிட்டார்.

"நீ புளியமரத்தாண்ட போய் உக்காந்துக்க மாப்ள. ரோட்டப் பாத்து உக்காரு. நான் ஆள் அனுப்பறவரைக்கும் திரும்பாத."

இருசப்பன் போய் உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் ஊர். ஒன்றரை மைலுக்குக் கேட்காது என்று தெரிந்தும், எந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் வருகிறது என்று காது தானாகத் தேடியது. கேட்கக்கூடாது என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வெயில் சாய்ந்த பிறகு சடையனே வந்தார்.

"காசியம்மாக்கும் சொல்லல. ஊர்ப் பொண்ணுதான், ஆனா படுத்து எழுந்திருக்கறது உன் வூட்ல. கோச்சிக்காத."

"இல்ல மாமா."

"ஒண்ணு மட்டும் நீதான் சொல்லணும். அவனுங்க மூஞ்சப் பாத்தவன் எங்கள்ல யாருமில்ல, நீ ஒருத்தன்தான். எப்ப ஆபத்து இல்லன்னு உனக்குத் தோணுதோ, அப்ப எடுக்கறோம்."

அப்படித்தான் அந்த வேலை இருசப்பன் தலையில் விழுந்தது. ஒவ்வொரு வருஷமும் ஆனி மாசக் கடைசியில் சடையன் டவுனுக்கு வருவார். ஸ்டுடியோ பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னா மாப்ள, இந்த ஆடிக்கு எடுக்கலாமா?" என்பார். எடுக்கலாமென்றால் அம்மன் வீதி வருவாள். இல்லையென்றால் கலசம் வரும்.

முதல் வருஷம் பதில் சொல்வது சுலபம் என்று நினைத்தார். ஆல்பர்ட் திரும்பி வந்தால் ஆபத்து, வராவிட்டால் இல்லை. ஆல்பர்ட் தங்கியிருந்த லாட்ஜில் கிளார்க்காக இருந்த சகாதேவன் அவருக்குப் பழக்கம். வெளிநாட்டுக்காரர் யார் வந்து தங்கினாலும் போலீசுக்கு ஒரு படிவம் எழுதி அனுப்புவது சகாதேவனின் வேலை. வாரம் ஒரு தடவை இருசப்பன் போய், வந்த பெயர்களைக் கேட்டுக்கொள்வார்.

"இன்னாய்யா, பொண்ணு பாக்கறியா வெள்ளைக்காரிங்கள்ல?" என்பான் சகாதேவன்.

"ஆமா, எனக்கில்ல, உனக்கு" என்பார் இருசப்பன். ஆனால் கண் நோட்டுப் புத்தகத்தின் மேலேயே இருக்கும்.

ஆல்பர்ட் வரவில்லை. எண்பத்திரண்டில் ஏறக்குறைய 'எடுக்கலாம்' என்று சொல்லிவிடுகிற நிலைமைக்கு வந்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் வழவழப்பான புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்தாள். அதில் இருந்த ஒரு நடராஜர் படத்தைக் காப்பி எடுத்துத் தரச் சொன்னாள். பலகையில் புத்தகத்தை விரித்துக் குண்டூசி குத்தி, விளக்கைப் போட்டு, காமிராவில் குனிந்து பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் ஆலநத்தம் அம்மன் நின்றிருந்தாள்.

கறுப்புத் துணிக்கு முன்னால், பக்கவாட்டு வெளிச்சத்தில், தேய்த்து மினுக்கி வைத்திருந்தார்கள். வலது காதில் தோடு உடைந்த இடம் அப்படியே இருந்தது. கீழே எழுதியிருந்ததை எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஏல விற்பனை. சுவிட்சர்லாந்து. நாற்பது வருஷமாக ஒரே குடும்பத்திடம் இருந்து வருவதாம். உயரம் மட்டும் சரியாக இருந்தது. அவர் வைத்த அடிக்கோல் காட்டிய உயரம்.

அதுவரை ஆல்பர்ட்டை ஒரு திருடன் என்றே நினைத்திருந்தார். இப்போது புரிந்தது, அவன் திருடனே இல்லை. சந்தை நாள் பார்த்துச் சாவி எடுத்தவன் ஒருத்தன், இந்தப் பக்கத்து ஆளாகத்தான் இருப்பான். கார் கொண்டு வந்தவன் வேறே. புதுப் பித்தளைச் சாமான் என்று ஏற்றுமதிக் காகிதம் எழுதியவன் வேறே. கப்பல் ஏற்றியவன், இறக்கியவன், நாற்பது வருஷக் குடும்பத்தை உண்டாக்கியவன். ஒருத்தனைப் பிடித்தால் அவனுக்கு அடுத்தவனைத் தவிர யாரையும் தெரியாது. எங்கோ ஒரு குளிர் ஊரில் ஒரு பணக்காரன் படத்தின் மேல் விரலை வைத்து 'இது வேண்டும்' என்கிறான். உடனே இங்கே ஆலநத்தத்தில் ஒரு பொம்பளையின் மண்டை உடைகிறது. நடுவில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே போனார். எண்ணி முடித்தபோது முதல் ஆளாக நின்றது தான்தான் என்று தெரிந்தது.

அந்த ஆனியில் சடையன் வந்து கேட்டபோது, "வேணாம் மாமா" என்றார்.

"அந்த வெள்ளைக்காரன் வந்துட்டானா?"

"அவன் வரவே வேணாம் மாமா. படம் அங்க கீது. அது இருக்கறவரைக்கும் எவனாவது ஒருத்தன் பாத்துக்கினேதான் இருப்பான்."

சடையனுக்குப் புரிந்ததோ என்னவோ, தலையை மட்டும் ஆட்டினார். எழுந்து போகும்போது, "மழை கம்மியாப் போச்சி. ஊர்ல எல்லாம் அம்மா மண்ணுக்குள்ள கீறதாலதான்னு பேசறாங்க" என்றார்.

மூன்று நெகட்டிவையும் அன்றே எரித்தார் இருசப்பன். உறைமேல் எழுதும் பழக்கத்தையும் விட்டார். அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்கு வழி தெரியாமல் வேறு ஊருக்குப் போய், தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்து, பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

எண்பத்துநாலு தை மாதத்தில் சபாரி சூட் போட்ட ஒருவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். மெட்ராஸ் பேச்சு. பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டும் என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டார். இருசப்பன் காமிராவில் குனிந்தார்.

"கருங்காலிப்பாடி நெகட்டிவ் இருக்குதா?"

இருசப்பன் நிமிரவில்லை. "இல்லைங்க. எரிச்சாச்சு."

"பரவால்ல. படம் எங்ககிட்ட இருக்குது. சிலை எங்க இருக்குதுன்னுதான் தெரியல." அவர் சிரித்தார். காமிராவின் கண்ணாடியில் அந்தச் சிரிப்பு சின்னதாகத் தெரிந்தது. "உங்க சம்சாரம் அந்த ஊருதானாமே? சும்மா கேட்டேன். ம், எடுங்க."

இருசப்பன் எடுத்தார். கை பழக்கத்தில் விசையை அழுத்தியது. படத்தை வாங்க அந்த ஆள் வரவே இல்லை.

இந்தத் தடவை அவர் சும்மா இருக்கவில்லை. சிலைத் திருட்டுக்கென்றே மெட்ராஸில் தனிப் போலீஸ் வைத்திருக்கிறார்கள் என்று பேப்பரில் படித்திருந்தார். ஐந்து வருஷத்துக்கு முந்தைய பொய்யிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் எழுதி, சபாரி சூட்காரரின் படத்தையும் வைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து மப்டியில் ஒரு அதிகாரி வந்தார், பொறுமையாகக் கேட்டார். அந்தப் படத்தில் இருந்த ஆள் பம்பாயில் ஒரு பெயரிலும் மெட்ராஸில் ஒரு பெயரிலும் இருப்பவன் என்று சொன்னார்.

"அவனப் புடிச்சிட்டா முடிஞ்சிடுங்களா சார்?"

"அவன் வேலைக்கு இன்னொருத்தன் வருவான். நீங்க ஜாக்கிரதையா இருங்க. சிலை எங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"நல்லது. தெரிஞ்சிக்காதீங்க."

காசியம்மாளிடம் எதையும் சொல்லவில்லை. ஆனால் அவள் தனியாகக் கடைத்தெருவுக்குப் போனால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். "இன்னாய்யா ஆச்சு உனக்கு, நான் இன்னா சின்னப் பொண்ணா?" என்பாள்.

எண்பத்தைந்தில் பலராமன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அம்மன் மண்ணுக்குள் போனதற்கு இவர்தான் காரணம் என்று, காரியத்துக்குப் போன இருசப்பனோடு ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இடம் தெரிந்தவர் இனி சடையன் ஒருத்தர்தான்.

எண்பத்தேழு ஆனிக் கடைசியில் சடையன் வழக்கம்போல் பஸ்ஸில் வரவில்லை. மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்துக் கூட்டி வந்தார்கள். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லிவிட்டாராம். வண்டியை ஸ்டுடியோ வாசலில் நிறுத்தச் சொன்னார் கிழவர். வண்டிக்காரனை டீ குடிக்க அனுப்பினார். இருசப்பன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

"இந்தத் தடவை எடுக்கலாமான்னு கேக்க வரல மாப்ள. எனக்கு நாள் இல்ல. எடத்தச் சொல்லிட்டுப் போறேன், கேட்டுக்க."

"மாமா, வேணாம்!"

"பின்ன யாருக்குச் சொல்ல? ஊர்ல பாதி பேரு அரசமரத்தடியில சீட்டாடறான். ஒருத்தனுக்குச் சொன்னா சாயங்காலம் ஒம்போது பேருக்குத் தெரியும். எட்டு வருசமா நீ வாயத் தொறக்கல. கிட்ட வா."

இருசப்பன் இரண்டடி பின்னால் போனார். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த சபாரி சூட்டைப் பற்றி அப்போதுதான் முதல் முதலாகச் சொன்னார்.

"அவனுங்களுக்கு என்னையும் தெரியும் மாமா, காசியம்மாவையும் தெரியும். தெரியாதுன்னு சொல்றதுதான் இத்தன நாளா எங்க ரெண்டு பேருக்கும் காவலு. நாளைக்கு அவ கழுத்துல ஒருத்தன் கத்திய வெச்சா நான் தாங்கமாட்டேன். சொல்லிடுவேன். அண்ணேன்னு கூப்ட்டதுக்கே எடுத்துக் குடுத்தவன் நானு."

சடையன் வைக்கோலில் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். அவர் நெஞ்சுக்குள் கரகரவென்று இழுத்தது.

"அப்போ என்னோட சேந்து மண்ணுக்குள்ளயே போவட்டுமா?"

அதுதான் கேள்வி. எட்டு வருஷமாக வேறு வேறு கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கு, இப்போது வண்டியோரம் நின்றபடி ஒரே கணக்குதான் மிஞ்சியது. ஒருத்தர் நெஞ்சுக்குள் இருக்கிற இடத்தை எடுக்க ஒரு கத்தி போதும். அந்த ஒருத்தரும் போய்விட்டால் அம்மன் திருடனுக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை. அப்படியானால் வெள்ளைக்காரன் கொண்டுபோனதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? முந்நூறு பேர் தினம் பார்க்கிற இடத்தில் இருந்தால் திருடன் முந்நூறு பேரைத் தாண்ட வேண்டும். தாண்டுவான், அவனால் முடியும். ஆனால் சத்தம் கேட்கும்.

"எடுத்துடுங்க மாமா" என்றார்.

"ஆபத்து இல்லன்றியா?"

"கீது. அப்படியேதான் கீது. இத்தன வருசமும் நான் கணக்குப் பாத்துச் சொன்னதாத்தான் நெனச்சேன், பயந்துதான் சொல்லியிருக்கேன். ஆபத்து போனப்புறம்தான்னா அம்மா எப்பவும் வரமாட்டா. எடுத்துடுங்க. ஆனா யாராவது ஒருத்தர் எப்பவும் பாத்துக்கினே இருக்கணும். மொதல்ல நான் வரேன்."

ஆடி மூன்றாம் வெள்ளி. காலையிலேயே ஊர் மொத்தமும் கூடி நிற்க, சடையன் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி விரலை நீட்டி இடத்தைக் காட்டினார். கோயில் கிணற்றடியில், பெண்கள் தினமும் குடத்தை வைத்து எடுக்கிற கல்லுக்குக் கீழே. கோணிப்பை மக்கிப் போயிருந்தது. அம்மன் பச்சை பூத்துப்போய், முகத்தில் மண் அப்பி, மல்லாந்து படுத்திருந்தாள். பெண்கள் குலவை இட்டார்கள். சடையன் கட்டிலில் படுத்தே அழுதார்.

மத்தியானம் புளித்தண்ணியில் கழுவி, பட்டுடுத்தி, நாலு பேர் தோளில் அம்மன் புறப்பட்டாள். எங்கெங்கிருந்தோ கேள்விப்பட்டு ஜனம் வந்திருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள், டவுனிலிருந்து வந்தவர்கள், பேப்பர்க்காரர் ஒருவர், ஆசிரமத்திலிருந்து சைக்கிளில் வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள். பறைச் சத்தத்தில் காது அடைத்தது. காசியம்மாள் மாவிளக்குத் தட்டோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாய்யா இந்தப் பக்கம் திரும்பி நிக்கற? அம்மா வராங்க, எட்டு வருசம் கழிச்சி. இப்படித் திரும்பு."

"நீ நல்லாப் பாரு."

"நீ?"

இருசப்பன் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்துக்கு நடுவில் எங்கோ ஒரு பிளாஷ் மின்னி அணைந்தது. பேப்பர்க்காரர் நின்ற இடத்திலிருந்து இல்லை. வெள்ளைக்காரர்கள் கையில் காமிராவே இல்லை. அவர் கழுத்தை நீட்டி ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தார். பின்னால் அம்மன் ஆடி ஆடி நெருங்கி வந்தாள், அவர் முதுகை உரசுகிற மாதிரி கடந்துபோனாள். இன்னொரு தடவை பிளாஷ் மின்னியது, இப்போது கொஞ்சம் பக்கத்தில்.